குமிழி உடையக் கூடாது: கான்ட்ராஸ்ட் அல்ட்ராசவுண்ட் நடைமுறை

"கல்லீரலில் 2 செ.மீ. அளவில் ஒரு கட்டி தெரிகிறது, சி.டி. எடுத்துப் பார்க்கவும்." வயிற்று ஸ்கேன் ரிப்போர்ட்டின் அடியில் இப்படி ஒரு வரி வந்துவிட்டால் அன்றைக்கு அந்த வீட்டில் யாருக்கும் சோறு இறங்காது. பல நேரம் அது ஹீமாஞ்சியோமா என்கிற, ரத்தம் ஊறிய பஞ்சு போன்ற முடிச்சாகத்தான் இருக்கும். யாரையும் ஒன்றும் செய்யாது. ஆனால் சாதாரண ஸ்கேனில் அதை அடித்துச் சொல்ல முடியாதபோது, எழுதுகிறவர் அந்த வரியை எழுதித்தான் ஆக வேண்டும்.

சேலத்தில் சி.டி.க்குப் பஞ்சமில்லை. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. சி.டி.க்கு அயோடின் மருந்து ஏற்ற வேண்டும். அதற்கு முன்னால் கிரியாட்டினின், அதாவது சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்த அளவு, பார்க்க வேண்டும். சர்க்கரை நோயில் சிறுநீரகம் நொந்துபோனவருக்கு அந்த எண் கூடியிருந்தால் மருந்தை ஏற்றத் தயங்குவார்கள். ஏற்காட்டுக்கு மேலே ஒரு மலைக் கிராமத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி வருகிறவருக்கு இது ஸ்கேனுக்கு ஒரு நாள், ரத்தப் பரிசோதனைக்கு ஒரு நாள், சி.டி.க்கு ஒரு நாள் என்று மூன்று நாள் கூலி. படுத்த அதே கட்டிலில், அன்றைக்கே, கையில் ஒரு ஊசி போட்டுப் பத்து நிமிடத்தில் பல கேள்விகளை முடித்துவிடக்கூடிய வழி கான்ட்ராஸ்ட் அல்ட்ராசவுண்ட். கதிர்வீச்சு கிடையாது, கிரியாட்டினினுக்காகக் காத்திருக்கவும் வேண்டாம்.

"அப்படியென்றால் மெஷினையே மலைக்குத் தூக்கிக்கொண்டு போகலாமே" என்று கேட்கத் தோன்றும். போக முடியாது. கருவின் பாலினம் பார்ப்பதைத் தடுக்கும் 1994-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் ஒவ்வொரு ஸ்கேன் மெஷினும் பதிவு செய்த இடத்தோடு கட்டுப்பட்டது. கையில் தூக்கும் மெஷின்களுக்கும் தனி விதிகள் உண்டு. ஆகவே நோயாளிதான் இறங்கி வர வேண்டும். வந்தவரை இரண்டாம் முறை வரவழைக்காமல் அனுப்புவது நம் கையில் இருக்கிறது.

ஊசியில் போவது என்ன

சாயம் இல்லை, வாயு. 1968-இல் கிராமியாக், ஷா என்ற இருவர், பெருந்தமனியின் அடிப்பகுதியில் வடிகுழாய் வழியாகத் திரவம் செலுத்தும்போது எக்கோ படத்தில் மேகம் போல வெளுப்பு எழுவதைப் பதிவு செய்தார்கள். திரவத்தோடு போன நுண்குமிழிகள்தான் அதற்குக் காரணம். வெறும் காற்றுக் குமிழி ரத்தத்தில் சட்டென்று கரைந்துவிடும். நுரையீரலைத் தாண்டி மறுபுறம் வராது. எனவே தண்ணீரில் எளிதில் கரையாத ஒரு வாயுவை எடுத்து, அதன்மேல் மெல்லிய கொழுப்பு உறை போர்த்தினார்கள். வயிற்றுப் பரிசோதனைக்குப் பல நாடுகளில் பயன்படும் சோனோவ்யூவில் இருப்பது சல்ஃபர் ஹெக்ஸாஃப்ளோரைடு வாயு, பாஸ்போலிப்பிட் உறை. சராசரி விட்டம் ஏறக்குறைய 2.5 மைக்ரான். சிவப்பணு 7 மைக்ரானுக்கு மேல். சிவப்பணு நுழையும் சந்தில் எல்லாம் குமிழியும் நுழையும்.

"ரத்தத்துல காத்து ஏத்துனா ஆளுக்கு ஆபத்தில்லைங்களா?" என்று கூட வந்தவர் கேட்பார், கேட்க வேண்டிய கேள்விதான். கரைத்த மருந்தின் ஒரு மி.லி.யில் இருக்கும் வாயு 8 மைக்ரோலிட்டர். வழக்கமான 2.4 மி.லி. அளவில் மொத்தம் 19 மைக்ரோலிட்டர். ஒரு சொட்டுத் தண்ணீரில் பாதிகூட இல்லை. அந்த வாயு மூச்சோடு வெளியே போய்விடுகிறது. பெரும்பகுதி முதல் இரண்டு நிமிடத்திலும், மீதி ஏறக்குறைய கால் மணி நேரத்துக்குள்ளும். சிறுநீரகத்துக்கு இதில் வேலையே இல்லை.

இன்னொரு குணம் இதைவிட முக்கியம். சி.டி., எம்.ஆர்.ஐ. மருந்துகள் ரத்தக்குழாயிலிருந்து கசிந்து திசுவுக்குள் பரவும். குமிழி கசியாது. குழாய்க்குள்ளேயே ஓடும், குழாய்க்குள்ளேயே அழியும். பித்தக்குழாய்ப் புற்றுநோயில் நார்த்திசு அதிகம் என்பதால் சி.டி. மருந்து அதற்குள் கசிந்து தங்கி, தாமதமாக வெளுத்துக் காட்டும். அதே கட்டியில் குமிழி சீக்கிரமே வடிந்து கறுத்துவிடும். இரண்டு ரிப்போர்ட்டும் முரண்படுவதாக நினைத்துக் குழம்ப வேண்டாம். இரண்டும் சரி, மருந்துகள்தான் வேறு.

ஒலி அலை மோதும்போது குமிழி சுருங்கி விரியும். 2.5 மைக்ரான் குமிழி இயல்பாக அதிரும் அலைவரிசை, வயிற்றுக்குப் பயன்படும் 3, 4 மெகாஹெர்ட்ஸுக்குப் பக்கத்திலேயே அமைந்தது நம் அதிர்ஷ்டம். மெல்லிய அலையில் திசு ஒலியை அப்படியே திருப்பித் தரும்; குமிழியோ சுருங்குவது ஒரு மாதிரி, விரிவது ஒரு மாதிரி என்று கோணலாகத் திருப்பும். அந்தக் கோணலை மட்டும் பிரித்தெடுத்துக் காட்டுவதுதான் மெஷினில் உள்ள கான்ட்ராஸ்ட் மோடு. அலை பலமானால் குமிழி வெடித்துவிடும். இந்தப் பரிசோதனையில் நடக்கும் தவறுகளில் பாதிக்கு மேல், என் கணிப்பில், இந்த ஒரு வாக்கியத்தை மறப்பதால் வருபவை.

கரைப்பதும் ஏற்றுவதும்

ஒரு குப்பியில் 25 மி.கி. வெள்ளைத் தூள், அதன் மேலே வாயு. கூடவே 5 மி.லி. சலைன் நிரப்பிய சிரிஞ்சு, குப்பியின் ரப்பரைத் துளைக்க ஒரு பிளாஸ்டிக் ஸ்பைக். சலைனை முழுவதும் உள்ளே விட்டு 20 விநாடி நன்றாகக் குலுக்க வேண்டும். 20 விநாடி என்பது சொல்லும்போது சின்னதாகத் தெரியும். கடிகாரம் பார்க்காமல் குலுக்குகிறவர்கள் பெரும்பாலும் எட்டு பத்திலேயே நிறுத்திவிடுகிறார்கள். திரவம் பால் போல ஒரே சீராக வெளுத்திருக்க வேண்டும். அடியில் திட்டாகத் தூள் தெரிந்தால் இன்னும் குலுக்க வேண்டும்.

கரைத்தது 6 மணி நேரம் வரை தாங்கும். ஆனால் நிற்க நிற்கக் குமிழிகள் மேலே மிதக்கும். அரை மணி நேரம் கழித்து இரண்டாவது டோஸ் எடுத்தால் குப்பியை மறுபடி குலுக்கிவிட்டு உடனே உறிஞ்ச வேண்டும். அடியில் தெளிந்தும் மேலே கலங்கியும் கிடக்கிற மருந்தை அப்படியே இழுத்துப் போட்டுவிட்டு "கட்டி ஒளிரவில்லை" என்று எழுதினால் அது கட்டியின் குற்றம் இல்லை. உறிஞ்சும்போது பிஸ்டனை வெடுக்கென்று இழுக்கக் கூடாது; சிரிஞ்சுக்குள் ஏற்படும் வெற்றழுத்தத்திலேயே குமிழி சிதையும். சித்திரை வெயிலில் ஏ.சி. இல்லாத ஸ்டோரில் குப்பிகளை அடுக்கி வைப்பதும் வேண்டாம். 25 டிகிரியை ஒட்டிய சூடு போதும்.

வென்ஃப்ளான் எனும் நரம்பில் வைக்கும் சிறு குழாய் முழங்கை மடிப்பில், 20 கேஜ் (எண் கூடினால் ஊசி மெல்லியது). நரம்பு கிடைக்காவிட்டால் 22 வரை இறங்கலாம். அதற்குக் கீழே மெல்லிய ஊசி வழியாகத் தள்ளினால் அழுத்தத்தில் குமிழி உடையும். மூன்று வழி அடைப்பான் வைக்கும்போது ஒரு நுணுக்கம் உண்டு: மருந்துச் சிரிஞ்சு நேர்வழியில், சலைன் சிரிஞ்சு பக்கவழியில். மாற்றிப் பொருத்தினால் மருந்து 90 டிகிரி வளைந்து போக வேண்டியிருக்கும், அந்த மூலையில் கொஞ்சம் குமிழி சாகும். மருந்தை 2, 3 விநாடியில் தள்ளி, பின்னாலேயே 5 முதல் 10 மி.லி. சலைன். சலைன் தள்ள ஆரம்பிக்கும் கணத்தில் ஸ்கிரீனில் டைமரை அழுத்த வேண்டும். ஊசி போடுகிறவரும், உடம்பில் வைத்துப் பார்க்கும் கைக்கருவியான புரோப்பைப் பிடிக்கிறவரும் வேறு வேறு ஆளாக இருக்கட்டும். ஒரே ஆள் இரண்டையும் செய்யப் போனால் முதல் 10 விநாடி போய்விடும். அதுதான் விலைமதிப்பான 10 விநாடி.

வயிற்றுக்கு வளைந்த புரோப்பில் பெரியவர்களுக்கு 1.2 முதல் 2.4 மி.லி. புது மெஷின்களுக்குப் பாதி அளவே போதும். தட்டையான உயர் அலைவரிசைப் புரோப்பில் அந்த அதிர்வுக்கு ஒத்துப்போகும் குமிழிகள் குறைவு என்பதால் 4.8 வரை தேவைப்படலாம். குழந்தைகளின் கல்லீரலுக்கு கிலோவுக்கு 0.03 மி.லி. "நல்லாத் தெரியட்டும்" என்று அள்ளிப் போட்டால் மேலேயுள்ள குமிழிக் கூட்டமே ஒலியை விழுங்கிவிடும். ஆழத்தில் கறுப்பு நிழல் விழும். கறுப்பைப் பார்த்துவிட்டு இன்னும் கொஞ்சம் மருந்து போடுகிறவர்கள் உண்டு. செய்ய வேண்டியது எதிர்மாறானது: ஒரு நிமிடம் பொறுத்தால் நிழல் விலகும், அடுத்த டோஸைக் குறைக்க வேண்டும்.

மெஷினில் கை வைக்கும்போது

எம்.ஐ. என்ற எண் ஸ்கிரீனின் ஓரத்தில் இருக்கும். ஒலியின் பலத்தைச் சொல்லும் மெக்கானிக்கல் இண்டெக்ஸ் அது. சாதாரண ஸ்கேனில் 1-ஐ ஒட்டி இருக்கும். கான்ட்ராஸ்ட் மோடில் 0.1-க்கு அக்கம்பக்கத்தில் இருக்க வேண்டும், 0.2-ஐத் தாண்டினால் குமிழி வேகமாக உடையும். ஃபோகஸ் ஒன்றே ஒன்று, கட்டிக்குச் சற்றுக் கீழே. கட்டியின்மேலேயே வைத்தால் ஒலி குவிந்து, பார்க்க வேண்டிய குமிழியையே உடைக்கும். ஃபிரேம் ரேட் விநாடிக்கு 10-க்குக் குறையக் கூடாது. மருந்து போகும் முன் கெயினை, அதாவது படத்தின் வெளுப்பை, ஏற்றி இறக்கி, ஸ்கிரீன் ஏறக்குறைய இருட்டாக, உதரவிதானம் மாதிரி பளிச்சென்ற கோடுகள் மட்டும் மங்கலாகத் தெரியும் இடத்தில் நிறுத்த வேண்டும். முன்கூட்டியே வெளுத்திருக்கும் படத்தில் குமிழி வந்ததையும் வராததையும் பிரிக்க முடியாது.

ஸ்கிரீனை இரண்டாகப் பிரித்து ஒரு பக்கம் சாதாரணப் படம், மறுபக்கம் கான்ட்ராஸ்ட். மருந்து வருவதற்கு முன் கான்ட்ராஸ்ட் பக்கம் கட்டி தெரியவே தெரியாது. சாதாரணப் படம்தான் வழிகாட்டி.

நோயாளியை மூச்சுப் பழக்குவது ஊசிக்கு முன்னால் நடக்க வேண்டியது. "மூச்ச ரொம்ப இழுக்காதீங்க, மெதுவா விட்டுட்டே இருங்க" என்று சொல்லி, கட்டி புரோப்புக்குக் கீழே வந்து நிற்கும் மூச்சை இரண்டு மூன்று முறை ஒத்திகை பார்த்துவிட வேண்டும். ஆழ்ந்து இழுத்துப் பிடிக்கச் சொன்னால் 20-ஆவது விநாடியில் விட்டுவிடுவார். கட்டியும் சேர்ந்து ஓடிவிடும்.

முதல் 60 விநாடி புரோப்பை எடுக்காமல் பார்க்க வேண்டும். அதன்பின் 30 விநாடிக்கு ஒரு முறை, நாலைந்து விநாடி மட்டும் பார்த்துவிட்டு ஒலியை நிறுத்த வேண்டும். குமிழி தீரும்வரை, அதாவது 4 முதல் 6 நிமிடம். கண்ணை எடுக்காமல் ஐந்து நிமிடமும் ஒரே இடத்தில் புரோப்பை அழுத்திக்கொண்டிருந்தால் குறைந்த எம்.ஐ.யில்கூடக் குமிழி கொஞ்சம் கொஞ்சமாக உடைந்து, அந்த இடம் கறுக்கும். அதைப் பார்த்து "வாஷ் அவுட்" (கட்டியிலிருந்து குமிழி வடிந்துவிட்டது) என்று எழுதினால் நல்ல கட்டியைப் புற்றுநோயாக்கிவிடுகிறோம். சந்தேகம் வந்தால் புரோப்பைப் பக்கத்துப் பகுதிக்கு நகர்த்திப் பாருங்கள். அங்கே கல்லீரல் வெளுப்பாக இருந்து, பார்த்துக்கொண்டிருந்த பட்டை மட்டும் முழுக்கக் கறுத்திருந்தால் உடைத்தது நாம்தான்.

கல்லீரல்: வருவதும் போவதும்

கல்லீரலுக்கு ரத்தம் இரண்டு வழியில் வருகிறது: தமனி வழியே கால்பங்கு, குடலிலிருந்து வரும் போர்ட்டல் சிரை வழியே முக்கால். தமனி ரத்தம் முந்திக்கொள்ளும். 10, 20 விநாடியில் வந்து 30, 45 வரை அதன் ஆட்டம். பிறகு 2 நிமிடம் வரை போர்ட்டல். அதற்கு மேல் பின்கட்டம். கட்டிகள் இந்தக் காலக்கணக்கில்தான் பிடிபடும்.

ஹீமாஞ்சியோமாவில் விளிம்பில் முடிச்சு முடிச்சாக, விட்டுவிட்டு ஒளிரும், அது மெதுவாக உள்நோக்கி நிறையும், கடைசிவரை வடியாது. சின்னதாக இருந்தால் சில விநாடியில் மொத்தமாக நிறைந்து, தமனிக் கட்டத்தில் புற்றுநோய் போலவே பளிச்சென்று தெரியும். அதனால்தான் ஐந்து நிமிடம் வரை காத்திருக்கச் சொல்வது. எஃப்.என்.எச். எனும் தீங்கில்லாக் கட்டி நடுவிலிருந்து வெளியே, வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால் போல விரியும். இது நடப்பது இரண்டு மூன்று விநாடிதான். கண்ணில் தப்பிவிட்டால் பதிவைப் பின்னோட்டி ஒவ்வொரு ஃபிரேமாகப் பார்க்க வேண்டும். கொழுப்பு படிந்த திட்டோ, கொழுப்பு படியாமல் தப்பிய திட்டோ எல்லாக் கட்டத்திலும் சுற்றியுள்ள கல்லீரலோடு ஒன்றிப் போய், கான்ட்ராஸ்ட் பக்கத்தில் இருக்கும் இடமே தெரியாது. கட்டி என்று பயந்து வந்தவருக்கு இதைவிட நல்ல படம் கிடையாது.

சிரோசிஸ் வந்து தழும்பேறிச் சுருங்கிய கல்லீரலில் கணக்கு மாறும். அங்கே ஒரு கட்டி தமனிக் கட்டத்தில் சுற்றியுள்ள கல்லீரலைவிட அதிகம் ஒளிர்ந்து, 60 விநாடிக்குப் பிறகு லேசாக வடிந்தால் அது ஹெபட்டோசெல்லுலர் கார்சினோமா என்னும் கல்லீரல் புற்று. லை-ராட்ஸ் என்ற அமெரிக்க வகைப்பாடு 2016-இலிருந்து கான்ட்ராஸ்ட் அல்ட்ராசவுண்டுக்கும் இருக்கிறது. கட்டி 10 மி.மீ. அல்லது அதற்கு மேல் இருந்து இந்த இரண்டு குணமும் சேர்ந்தால் எல்.ஆர்.-5, அதாவது கல்லீரல் புற்று என்றே எடுத்துக்கொள்ளலாம். விளிம்பு மட்டும் ஒளிர்வது, 60 விநாடிக்கு முன்பே வடிவது, 2 நிமிடத்துக்குள் குத்தி எடுத்த ஓட்டை போலக் கறுப்பது ஆகிய மூன்றில் ஒன்று இருந்தாலும் எல்.ஆர்.-எம்.; புற்று என்று நினைக்க வேண்டும், ஆனால் எந்த வகை என்பதைப் பயாப்சிதான் சொல்லும். இந்த வகைப்பாடு சிரோசிஸ், நாள்பட்ட ஹெப்படைட்டிஸ் பி, முன்பே இந்தப் புற்று வந்தவர் ஆகியோருக்கு மட்டும். எந்த நோயும் இல்லாத 30 வயதுப் பெண்ணின் கட்டிக்கு எல்.ஆர். எண் போடுவது, வேட்டிக்கு எடுத்த அளவில் சட்டை தைப்பது மாதிரி.

வேறு உறுப்பிலிருந்து பரவிய புற்று எப்படி ஆரம்பித்தாலும் பின்கட்டத்தில் கறுத்துவிடும். அதனால் 2 நிமிடம் தாண்டியபின் முழுக் கல்லீரலையும் வேகமாக ஒரு முறை தடவிப் பார்க்க வேண்டும். சாதாரண ஸ்கேனில் தெரியாத சின்னச் சின்னக் கறுப்புகள் அப்போது எட்டிப் பார்க்கும். இந்தச் சுற்றுக்கு நேரம் ஒதுக்காமல் முதல் கட்டியிலேயே உட்கார்ந்துவிடுவது பரவலான பழக்கம். நல்ல பழக்கம் இல்லை.

இதயம் பலவீனமானவருக்குக் குமிழி 25 விநாடி கழித்துக்கூட வரலாம். பாடத்தில் படித்த விநாடியை அப்படியே பொருத்தாமல், ஈரல் தமனியில் குமிழி வந்த நேரத்தைக் குறித்துக்கொண்டு அதிலிருந்து கட்டங்களைப் பார்க்க வேண்டும்.

சீழ்க்கட்டி நம் பக்கத்துக்கு மிகவும் தேவையான பயன்பாடு. அமீபாவால் வரும் சீழ்க்கட்டி ஆரம்பத்தில் திடக்கட்டி மாதிரியே தெரியும். உள்ளே திரவமா, கூழா என்று சாதாரணப் படம் சொல்லாது. குமிழி போட்டால் சீழான பகுதி கரும் இருட்டாக நிற்கும், உயிரோடிருக்கும் திசு ஒளிரும், இடையே தடுப்புகள் இருந்தால் தேன்கூடு போலத் தெரியும். 6 செ.மீ. கட்டியில் உருகியது 2 செ.மீ.தான் என்று தெரிந்தால் குழாய் போடும் யோசனையை விட்டு மருந்தைத் தொடரலாம். ஒரு எச்சரிக்கை: சீழ்க்கட்டியின் விளிம்பு ஒளிர்ந்து பிறகு வடிவதுண்டு. காய்ச்சலும் வெள்ளணு எண்ணிக்கையும் பார்க்காமல் படத்தை மட்டும் படித்தால் பரவிய புற்று என்று தவறாகச் சொல்ல நேரும்.

போர்ட்டல் சிரையில் அடைப்பு இருந்தால் அது வெறும் ரத்தக்கட்டா, புற்று ஊடுருவியதா? ரத்தக்கட்டுக்குள் குமிழி நுழையாது. புற்று என்றால் ஈரல் தமனி ஒளிரும் அதே கணத்தில் அடைப்பும் ஒளிரும். சிகிச்சையையே மாற்றிவிடும் கேள்விக்கு ஒரே ஒரு பார்வையில் பதில். பித்தப்பைக்குள் கலங்கலா கட்டியா என்பதற்கும் இதே விதிதான்: கலங்கல் ஒளிராது.

சிறுநீரகம், மண்ணீரல், அடிபட்ட வயிறு

சிறுநீரகத்தில் புறணி 10, 15 விநாடியில் ஒளிரும், உட்பகுதி அதன்பின். குமிழி சிறுநீரில் வராது. ஆகவே சிறுநீர் கசிகிறதா என்ற கேள்விக்கு இந்தப் பரிசோதனையில் பதில் கிடையாது; அடிபட்டவர்களில் இதை மறந்துவிடக் கூடாது. நீர்க்கட்டிக்குள் தடுப்புச் சுவரோ முடிச்சோ இருந்தால் அதில் ரத்த ஓட்டம் உண்டா என்று பார்ப்பதில் இது சி.டி.யைவிடக் கூர்மை. கூர்மை கொஞ்சம் கூடிப்போய்விடும் என்பதும் உண்மை: நல்ல நீர்க்கட்டியின் மயிரிழைச் சுவரில்கூட ஒன்றிரண்டு குமிழி ஓடும். அதைப் பார்த்ததும் கட்டியை மேல் வகைக்கு ஏற்றிவிடக் கூடாது. சுவர் தடித்திருக்கிறதா, முடிச்சு ஒளிர்கிறதா என்பதுதான் கேள்வி.

மலைப்பாதையில் பைக் சறுக்கி விழுந்து வயிற்றில் அடிபட்டு வருகிறவர்களுக்கு, ரத்த அழுத்தம் நிலையாக இருந்து, அடி ஒரே இடத்தில் என்றால் இது பொருந்தும். பல இடத்தில் அடி, அழுத்தம் இறங்குகிறது என்றால் நேராக சி.டி.; இங்கே நேரம் வீணாக்க வேண்டாம். செய்தால் டோஸை இரண்டாகப் பிரிக்க வேண்டும். முதல் பாதியில் வலது சிறுநீரகம் முதலில், பிறகு கல்லீரல். இரண்டாவது பாதியில் இடது சிறுநீரகம் முதலில், பிறகு மண்ணீரல். சிறுநீரகத்தின் ஒளிர்வு சீக்கிரம் மங்கும், மண்ணீரலோ குமிழியை நிமிடக்கணக்கில் பிடித்து வைத்திருக்கும் என்பதால் இந்த வரிசை. கிழிந்த இடம் கறுப்புக் கோடாகத் தெரியும். மண்ணீரல் முதல் அரை நிமிடம் வரிக்குதிரை போலத் திட்டுத் திட்டாக ஒளிர்வது இயல்பு. அதைக் கிழிசல் என்று எழுதிவிடாமல் ஒரு நிமிடம் காத்திருக்க வேண்டும்.

கணையத்தைப் பற்றிச் சுருக்கமாக: வழக்கமான கணையப் புற்று சுற்றியுள்ள திசுவைவிடக் குறைவாக ஒளிரும், ஹார்மோன் சுரக்கும் செல்களில் வரும் நியூரோஎண்டோகிரைன் கட்டி அதிகமாக ஒளிரும். ஆனால் குடல் வாயு மறைத்தால் எந்தக் குமிழியும் உதவாது.

மார்பு: ஒளி தெரியும் சன்னல்

காற்று நிறைந்த நல்ல நுரையீரலுக்குள் ஒலி போகாது. நோய் மார்புச் சுவரை ஒட்டி வந்தால் மட்டுமே, காற்று போன அந்தப் பகுதி சன்னல் திறந்துவிடும். நடு நெஞ்சில் இருக்கும் கட்டியை இதில் தேட வேண்டாம்.

நுரையீரலுக்கும் இரட்டை ரத்த ஓட்டம். வலது இதயத்திலிருந்து நேராகப் போகும் நுரையீரல் தமனியில் குமிழி சில விநாடியிலேயே வந்துவிடும். மூச்சுக்குழாய்த் தமனிக்குப் போக வேண்டுமென்றால் நுரையீரலைத் தாண்டி இடது இதயம், பெருந்தமனி என்று சுற்றி வர வேண்டும். பொதுவாக 10 விநாடியை எல்லையாக வைப்பார்கள். அதற்கு முன் ஒளிர்ந்தால் நுரையீரல் தமனி. நிமோனியாவும், சுருங்கிய நுரையீரலும் இப்படி முந்தி, சீராக, பலமாக ஒளிரும். தாமதமாக வந்தால் மூச்சுக்குழாய்த் தமனி. நுரையீரல் புற்றுகள் பலவும் இப்படி. இங்கேயும் பலவீன இதயம் கணக்கைக் கெடுக்கும். அதற்கு ஒரு எளிய வழி, அதே படத்தில் தெரியும் மார்புத் தசையைப் பார்ப்பது. தசைக்கு முன்னால் ஒளிர்ந்தால் நுரையீரல் தமனி, தசையோடு சேர்ந்தோ பிறகோ என்றால் மற்றது.

இதை வைத்துப் புற்று, நிமோனியா என்று தீர்ப்பு எழுதக் கூடாது. இரண்டின் குணங்களும் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடக்கின்றன; நாள்பட்ட நிமோனியாவும் காசநோயும் தாமதமாக ஒளிரலாம். உறுதியான லாபம் மூன்று இடத்தில். நுரையீரல் ரத்தக்குழாய் அடைத்து அழிந்த பகுதி, ஆப்பு வடிவில், கொஞ்சமும் ஒளிராமல் கிடக்கும். நிமோனியாவுக்குள் சீழ் பிடித்த இடம் ஒளிராத தீவாகத் தெரியும். மூன்றாவது, எனக்குப் பிடித்தது, பயாப்சி. பெரிய கட்டியின் நடுப்பகுதி அழுகிப் போயிருந்தால் அங்கே ஊசி போட்டு எடுப்பது செத்த திசு. ரிப்போர்ட் "போதவில்லை" என்று திரும்பி வரும், நோயாளி மறுபடி வர வேண்டும். குமிழி போட்டு ஒளிரும் விளிம்பைப் பார்த்து ஊசியைச் செலுத்தினால் அந்த இரண்டாம் பயணம் மிச்சம். மூச்சுக்குழாய் அடைத்துச் சுருங்கிய நுரையீரலுக்குள் கட்டி எங்கே முடிகிறது என்பதும் அப்போதுதான் தெரியும்: நுரையீரல் முந்தி வெளுக்க, கட்டி பின்தங்கி நிற்கும்.

நரம்பில் போடாமல் குழாய் வழியாகவும் போடலாம். மார்பிலோ கல்லீரலிலோ குழாய் வைத்து வடிப்பு நின்றுவிட்டால், அறைகள் தடுப்பால் பிரிந்துவிட்டனவா, குழாய் இடம் மாறிவிட்டதா? ஒரு மி.லி.க்கும் குறைவான மருந்தை 50 மி.லி. சலைனில் கலந்து குழாய் வழியே மெதுவாக விட்டால், குமிழி எந்த அறைக்குள் போகிறது, எங்கே நிற்கிறது என்று கண்ணால் பார்க்கலாம். மருந்தைக் கூட்டினால் முன்னால் சொன்ன அதே நிழல் விழும்; இங்கே குறைவே நிறைவு. சீழ் மார்பில் நார் கரைக்கும் மருந்து செலுத்துவதா, அறுவைக்கு அனுப்புவதா என்ற பேச்சுக்கு இந்தப் படம் உதவும்.

யாருக்கு வேண்டாம்

இந்த மருந்துக்கோ அதன் உட்பொருளுக்கோ முன்பு ஒவ்வாமை வந்தவர்களுக்கு வேண்டாம். உட்பொருளில் மேக்ரோகால் இருக்கிறது. பேதி மருந்துகள் சிலவற்றிலும் அதுதான். எனவே "பேதி மருந்து குடிச்சு உடம்பு தடிச்சுப் போச்சுங்களா?" என்று கேட்பது வீண் கேள்வி இல்லை. கடுமையான நுரையீரல் ரத்த அழுத்தம், இதயத்தில் வலமிருந்து இடமாக ரத்தம் கலக்கும் ஓட்டை, கட்டுக்கடங்காத ரத்த அழுத்தம், சமீபத்தில் மாரடைப்பு வந்து இன்னும் நிலைப்படாதவர் ஆகியோருக்கு மருந்தின் குறிப்பேட்டையும் இதய மருத்துவரையும் கேட்காமல் ஆரம்பிக்கக் கூடாது. கர்ப்பிணிகளுக்குத் தவிர்ப்பதே வழக்கம்.

இத்தாலியில் பல மையங்களில் நடந்த 23,188 வயிற்றுப் பரிசோதனைகளைத் தொகுத்து 2006-இல் வெளியிட்டார்கள்: பக்கவிளைவு 29 பேருக்கு, அதில் தீவிரமானது இரண்டு, இறப்பு இல்லை. எண் சின்னது என்பதற்காக எமர்ஜென்சி டிரேயைத் தூக்கி அலமாரியில் வைக்கலாகாது. அட்ரினலின், ஆக்சிஜன், ஹைட்ரோகார்ட்டிசோன் கைக்கெட்டும் தூரத்தில்; பெரியவருக்கு அட்ரினலின் 0.5 மி.கி. தொடைத் தசையில் போடத் தெரிந்த ஆள் அறையில். ஊசிக்குப் பிறகு அரை மணி நேரம் வென்ஃப்ளானோடு உட்கார வைக்க வேண்டும். "பஸ் போயிடும்" என்பார். போகட்டும், அடுத்த பஸ் உண்டு.

ரிப்போர்ட்டில் மருந்தின் பெயர், டோஸ், எத்தனை முறை, எம்.ஐ., குமிழி வந்த விநாடி, வடியத் தொடங்கிய விநாடி எல்லாம் எண்ணாகவே இருக்க வேண்டும். "சீக்கிரம் வடிந்தது" என்று எழுதினால் கோவையிலோ வேலூரிலோ அடுத்துப் படிக்கிறவருக்கு அது 40-ஆ 80-ஆ என்று தெரியாது. அந்த 60-ஐ ஒட்டித்தான் அவருடைய முடிவே இருக்கிறது. அச்சிட்ட நான்கு படங்களைக் கொடுத்தனுப்புவதால் பயனில்லை. முதல் 60 விநாடி வீடியோவையும், அதன்பின் 30 விநாடிக்கு ஒன்றாக எடுத்த துண்டுகளையும், டைமர் தெரியும்படி, குறுந்தகட்டிலோ பென் டிரைவிலோ போட்டு நோயாளியின் கையில் கொடுத்துவிட வேண்டும்.